பட்டனைத் தட்டினால் ராகம் வருமா?
3 மின்னணுப் பெட்டிகள், 10 ராகங்கள், ஒரு டிஸ்கோ தாளம் - உங்கள் கம்ப்யூட்டரிலும் முயன்று பார்க்கலாம்

நம் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் மாலை தீபாராதனை நேரத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். சுவரோரம் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு முரசு, ஒரு சேகண்டி, இரண்டு மணிகள். பூசாரி சுவிட்சைத் தட்டியதும் மோட்டார் சுற்றும். சின்னச் சின்னச் சுத்தியல்கள் அவற்றை அடிக்கத் தொடங்கும். தீபாராதனை முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் நின்றுவிடும். நேற்று அடித்ததும் இன்று அடித்ததும் நாளை அடிக்கப் போவதும் ஒரே அடிதான்.

வாசுதேவநல்லூரில் எங்கள் தெருவில் தவில் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவர் இருக்கிறார். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. கொடை விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் நாற்பது வருடம் வாசித்தவர். இப்போது தோள்பட்டை வலி. அரை மணி நேரத்துக்கு மேல் தவிலைத் தூக்க முடிவதில்லை. அவருடைய பேத்தி நாதஸ்வரம் கற்று வருகிறாள். அவளுக்குப் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கியிருந்தார்கள். தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கம் என்பதால் நானும் போயிருந்தேன்.

"இதுல மேளம் போட முடியுமாமே, மெய்தானா?" என்று அண்ணாச்சி கேட்டார். முடியும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ இதுவும் கோயில் மோட்டார் மேளந்தான். அது வந்த பிறகு நாலு கோயில்ல எங்களைக் கூப்பிடுறதை நிறுத்திட்டாக. இது வீட்டுக்குள்ளேயே வந்திருக்கு" என்றார்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஓர் ஆல்பத்தைக் கேட்க வைத்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், இதில் இசை செய்வது என்றால் பட்டனைத் தட்டுவது மட்டும்தானா என்ற சந்தேகம் உங்களுக்கும் வரலாம். அதற்கும் இந்த ஆல்பத்தில் விடை இருக்கிறது.

பாட்டு இல்லை, தபலாவும் இல்லை

ஆல்பத்தின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. டிஸ்கோ தாளத்தில் 10 ராகங்கள் என்று பொருள். 1982-ல் பதிவானது. எச்எம்வி என்று நாம் அழைத்த கிராமபோன் கம்பெனி ஆப் இந்தியா இதை எல்பி இசைத்தட்டாக வெளியிட்டது. வாசித்தவர் மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங். இந்திப் பட இசைக்குழுக்களில் கிதாரும் கீபோர்டு வகைகளும் வாசித்து வந்தவர். ஆர்.டி. பர்மன் போன்ற இசையமைப்பாளர்களிடம் வேலை செய்தவர். தன் சொந்தக் குழுவை வைத்துக் கொண்டு கல்யாண வீடுகளிலும் வாசித்தவர். ஆக, அவரும் அண்ணாச்சியின் தொழில்காரர்தான்.

அது டிஸ்கோ காலம். 1980-ல் 'குர்பானி' படப் பாடலும் 1981-ல் 'டிஸ்கோ தீவானே' ஆல்பமும் நாடு முழுவதும் ஒலித்தன. படங்களுக்கு டிஸ்கோ வாசித்து வந்த சரண்ஜித் சிங்குக்கு ஒரு யோசனை. டிஸ்கோ தாளத்தை அப்படியே வைத்துக் கொள்வது, பாடகரை விட்டுவிடுவது, தபலாவையும் விட்டுவிடுவது, அதன் மேல் சுத்தமான இந்துஸ்தானி ராகங்களை வாசிப்பது. ராகத்துக்கு ஒன்றாக 10 உருப்படிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 நிமிடம்.

ராகப் பெயர்கள் புதிதாகத் தெரிகின்றன என்று ஒதுங்க வேண்டாம். பூபாலி என்பது நம் மோகனம். யமன் நம் கல்யாணி. மால்கௌன்ஸ் நம் இந்தோளம். கலாவதி நம் வலஜி. பைராகி நம் ரேவதி. இந்துஸ்தானி பைரவியின் சுரங்கள் நம் தோடிக்கு நெருக்கம். அவர்கள் தோடி என்பது நமக்கு சுபபந்துவராளி. பெயர்தான் வேறு, சுரங்கள் நமக்குப் பழகியவையே. பாணி மட்டும் அவர்களுடையது.

அந்த 3 பெட்டிகள்

இந்த ஆல்பத்தில் ஒலிப்பவை பெரும்பாலும் 3 கருவிகள்தாம். மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி தயாரித்தவை.

முதலாவது டிஆர்-808. 1980-ல் வந்த டிரம் மெஷின். நம் மோட்டார் மேளத்துக்கு மின்னணு உலகத்து உறவு என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இதன் கீழ்வரிசையில் 16 பட்டன்கள் இருக்கும். ஒரு சுற்றுத் தாளத்தை 16 கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த அடி விழ வேண்டும் என்பதை வாசிப்பவரே குறித்துக் கொடுக்கலாம். இதைத்தான் ஸ்டெப் சீக்வென்சர் என்கிறார்கள். மோட்டார் மேளத்துக்கு ஒரே தாளம். இதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் தாளம்.

இரண்டாவது டிபி-303. 1981-ல் வந்த பேஸ் மெஷின். தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாக பேஸ் கிதார் பகுதியை வாசித்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இது செய்யப்பட்டதன் நோக்கம். இதிலும் கட்டம் கட்டமாகச் சுரங்களை எழுதலாம். கூடவே எந்தச் சுரம் அழுத்தமாக விழ வேண்டும், எந்தச் சுரம் அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல வேண்டும் என்றும் குறிக்கலாம். முதலாவதற்கு ஆக்சென்ட் என்றும் இரண்டாவதற்கு ஸ்லைடு என்றும் பெயர்.

மூன்றாவது ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர். ஒரே நேரத்தில் 8 சுரங்களை ஒலிக்க வல்லது. முதல் இரண்டு பெட்டிகளும் தாளத்தையும் பேஸையும் பார்த்துக் கொள்ள, சரண்ஜித் சிங் இந்தக் கீபோர்டில் ராகத்தை வாசித்தார்.

வெவ்வேறு கம்பெனிகளின் இசைக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் மிடி என்ற பொது ஏற்பாடு 1983-ல்தான் வந்தது. அதற்கு முன்பே செய்த வேலை இது. 808-லும் 303-லும் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவதற்கென்று தனி சாக்கெட் இருந்தது. ஒரு கேபிளில் இணைத்தால் இரண்டும் தாளம் தப்பாமல் ஓடும்.

ஸ்லைடுக்கு நம் பெயர் ஜாரு

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் சங்கீதத்தில் சுரத்தை ஆணி அடித்தது போல நிறுத்தினால் ராகம் வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போக வேண்டும். இதை நாம் ஜாரு என்கிறோம். வடக்கே மீண்ட் என்கிறார்கள். சாதாரணக் கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே ஒன்றும் கிடையாது. ராகம் அங்கே திக்கித் திக்கித்தான் வரும்.

டிபி-303-ன் ஸ்லைடு அந்த இடைவெளியில் ஒரு பாதை போட்டுக் கொடுத்தது. மேற்கத்திய பேஸ் கிதாரை நினைத்துச் செய்த வசதி அது. ராகம் தெரிந்த ஒருவர் கையில் அது வேறு வேலை செய்தது. ஆல்பத்தைக் கேட்கும்போது அடித்தளத்தில் ரப்பர் போல வளைந்து நெளியும் ஒரு குரல் கேட்கும். அதுதான் 303. முழுக் கமகமும் அதில் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ராகத்தின் சுரங்களை விட்டு அது விலகுவதில்லை.

விற்கவில்லை, 20 வருடம் பேச்சில்லை

இத்தனையும் இருந்தும் 1980-களில் இந்த ஆல்பம் எடுபடவில்லை. சரண்ஜித் சிங் தன் வழக்கமான வேலைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

டிபி-303-ம் விற்கவில்லை. இயல்பான பேஸ் கிதார் போல அது ஒலிக்கவில்லை என்பது வாங்கியவர்களின் குறை. 1984-ல் ரோலண்ட் அதன் தயாரிப்பை நிறுத்தியது. பழைய பெட்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தன. அமெரிக்காவின் சிகாகோ நகரில் பியூச்சர் என்ற குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் அப்படி ஒன்றை வாங்கினார்கள். அது ஓடிக் கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். அந்த ஒலியில் பிறந்த 'ஆசிட் டிராக்ஸ்' 1987-ல் வெளியானது. ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை அதிலிருந்து உலகம் முழுவதும் பரவியது.

2002-ல் எடோ பௌமன் என்ற நெதர்லாந்து இசைத்தட்டு சேகரிப்பாளர் டெல்லியில் சரண்ஜித் சிங்கின் பழைய எல்பியைக் கண்டெடுத்தார். போட்டுக் கேட்டால் ஆசிட் ஹவுஸ் போலவே ஒலிக்கிறது. அட்டையில் இருந்த வருடமோ சிகாகோ இசைத்தட்டுக்கு 5 வருடம் முந்தியது. 2010-ல் பாம்பே கனெக்‌ஷன் என்ற தன் லேபிளில் அதை மறுவெளியீடு செய்தார். யாரோ ஒரு இந்நாள் இசைக்கலைஞர் பழைய இசைத்தட்டு போல ஜோடித்து ஏமாற்றுகிறார் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அது உண்மையானதுதான் என்று தெரிந்த பிறகு, எழுபது வயதைத் தாண்டிய சரண்ஜித் சிங்குக்கு ஐரோப்பிய மேடைகளிலிருந்து அழைப்பு வந்தது. அதே ராகங்களை அங்கே போய் வாசித்தார். 2015-ல் மும்பையில் காலமானார்.

ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று சிலர் எழுதுவதுண்டு. சிகாகோ இளைஞர்கள் இந்த எல்பியைக் கேட்டிருந்ததாகச் சான்று ஏதும் இல்லை. இரண்டு ஊர்களில் இரண்டு தரப்பினர் ஒரே பெட்டியில் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே மாதிரி ஒலியை எடுத்தார்கள் என்பதுதான் சரி. அவர்கள் குமிழைத் திருகினார்கள். இவர் ராகத்தை எழுதினார்.

கேட்பதற்கு முன்

ஆல்பத்தின் பெயரையும் சரண்ஜித் சிங்கின் பெயரையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால் இன்டர்நெட்டில் கேட்கக் கிடைக்கும். ஒரு விஷயம் கவனியுங்கள். லேப்டாப்பில் உள்ள சின்ன ஸ்பீக்கர்களில் கீழ்ச்சுரங்கள் சரியாகக் கேட்காது. 808-ன் கிக் அடியும் 303-ன் பேஸும் அங்கேதான் இருக்கின்றன. எனவே ஹெட்போன் மாட்டிக் கொள்ளுங்கள், அல்லது வீட்டில் உள்ள ஹோம் தியேட்டரில் இணைத்துக் கேளுங்கள். முதலில் பூபாலியையும் மால்கௌன்ஸையும் கேட்பது நல்லது.

அண்ணாச்சிக்கு ஹெட்போன் மாட்டி மால்கௌன்ஸைப் போட்டேன். அரை நிமிடம் கூட ஆகவில்லை. "இந்தோளம்லா!" என்றார். விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. முடிந்ததும், "அடி மோட்டார் அடிதான். ஆனா வாசிக்கிறவன் ஆளு" என்றார்.

நீங்களும் செய்யலாம்

அந்த 3 பெட்டிகளையும் இன்று வாங்க வேண்டும் என்றால் பெரும் செலவாகும். ஆனால் அவை செய்த வேலையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் செய்யும். எல்எம்எம்எஸ் என்ற இலவச சாப்ட்வேர் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். எல்எம்எம்எஸ் டாட் ஐஓ என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். வேறு தளங்களில் வைரஸ் ஒட்டிக் கொண்டு வரலாம்.

1. எல்எம்எம்எஸ்-ஐத் திறந்ததும் மேலே டெம்போ 140 என்று இருக்கும். அதை 120 ஆக மாற்றுங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்று பொருள்.

2. பீட்-பேஸ்லைன் எடிட்டரைத் திறந்து கொள்ளுங்கள். சில பதிப்புகளில் இதன் பெயர் பேட்டர்ன் எடிட்டர். இடப்புறம் உள்ள கருவிகளின் பட்டியலிலிருந்து 'கிக்கர்' என்பதை மவுஸால் இழுத்து வந்து இதில் விடுங்கள். எதிரே 16 கட்டங்கள் தெரியும்.

3. 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் கிளிக் செய்யுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். டிஸ்கோ தாளம் தயார்.

4. அடுத்து 'எல்பி302' என்பதை இழுத்து வந்து விடுங்கள். இது டிபி-303 போல ஒலிக்கும்படி எழுதப்பட்ட கருவி. அதன் கட்டங்கள் மீது ரைட் கிளிக் செய்து பியானோ ரோலைத் திறந்து கொள்ளுங்கள்.

5. மோகனத்தில் தொடங்கலாம். 'சி' கட்டையை ஸட்ஜமாக வைத்தால் சி, டி, இ, ஜி, ஏ ஆகிய 5 வெள்ளைக் கட்டைகளில் ஸ, ரி, க, ப, த கிடைத்துவிடும். இந்த ஐந்தைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னச் சுர வரிசையைக் கட்டங்களில் வரையுங்கள்.

6. எல்பி302-ன் ஜன்னலில் கட்ஆப், ரெசனன்ஸ் ஆகியவற்றுக்கான குமிழ்கள் இருக்கும். இசை ஓடும்போதே அவற்றை மெல்லத் திருகுங்கள். கட்ஆப் என்பது ஒலியின் மேல்பகுதியை எவ்வளவு வெட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது. ரெசனன்ஸ் அந்த வெட்டும் இடத்தை எடுப்பாகக் காட்டுவது. சிகாகோவில் திருகியது இவற்றைத்தான். ஸ்லைடையும் ஆன் செய்து கேட்டுப் பாருங்கள்.

7. பைல் மெனுவில் சேவ் கொடுத்து வேலையைச் சேமியுங்கள். பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் எக்ஸ்போர்ட் கொடுத்து வேவ் அல்லது எம்பி3 பைலாக மாற்றுங்கள். சிடி தரத்தில் வேவ் பைல் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 சுமார் 1 எம்பிதான்.

நம் தாளங்களுக்கும் இதில் இடம் உண்டு. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கும் ஒன்றுக்கு 2 கட்டம் என்று வைத்தால் 16 கட்டம் சரியாக நிறையும். மிஸ்ர சாபு வேண்டும் என்றால் மேலே 4/4 என்று இருப்பதை 7/8 ஆக மாற்றுங்கள். 14 கட்டங்கள் கிடைக்கும். கண்ட சாபுவுக்கு 5/8, 10 கட்டங்கள்.

அண்ணாச்சியின் கை

இதையெல்லாம் செய்து காட்டியபோது அண்ணாச்சி ஒரு குறை சொன்னார். "எல்லாம் சரி. ஆனா இது தவில் சத்தம் இல்லையே." நியாயமான பேச்சு. அதற்கும் வழி இருக்கிறது. ஆடாசிட்டி என்ற இன்னொரு இலவச சாப்ட்வேரைத் திறந்து, லேப்டாப் மைக்கிலேயே அவர் அடிகளைப் பதிவு செய்தோம். வலந்தலையில் கூடு போட்ட விரல்களால் நான்கு வகை அடி. இடந்தலையில் குச்சியால் மூன்று வகை. ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டி வேவ் பைலாகச் சேமித்தோம். அந்தப் பைல்களை எல்எம்எம்எஸ்-ன் பீட்-பேஸ்லைன் எடிட்டருக்குள் இழுத்து விட்டால் ஒவ்வொன்றும் ஒரு கருவியாகிவிடும். எதிரே அதே 16 கட்டங்கள்.

எந்தக் கட்டத்தில் எந்த அடி என்று அண்ணாச்சி சொல்லச் சொல்ல, பேத்தி கிளிக் செய்தாள். இரண்டு இடங்களில் நான் நேராக வைத்ததை அவர் ஒத்துக் கொள்ளவில்லை. "அங்க அடிக்காதே, சும்மா விடு" என்றார். விட்டோம். அந்த வெற்றுக் கட்டங்களில்தான் தாளம் தாளமாக ஆனது.

இப்போது மாலையில் அவள் நாதஸ்வரம் பயிற்சி செய்யும்போது லேப்டாப்பில் தாத்தாவின் தவில் ஓடுகிறது. தோள் வலிக்காத நாட்களில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, ஓடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசிக்கிறார். லேப்டாப் ஒரே மாதிரி சுற்றும். அவர் ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது மாற்றுவார். வித்தியாசம் பேத்திக்குக் காதிலேயே தெரிகிறது. டிபி-303 செய்யப்பட்டதும் இப்படித் தனியாகப் பயிற்சி செய்பவருக்குத் துணையாகத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கோயில்களில் போன வேலை இதனால் திரும்பி வரப் போவதில்லை. அதை அண்ணாச்சியும் அறிவார். ஆனால் மோட்டார் மேளத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னதற்குச் சுவிட்ச் போட ஆள் இருந்தால் போதும். பின்னதற்கு என்ன வாசிக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்து என்ன கேட்கலாம்?

பாட்டே இல்லாத ஆல்பங்களில் ஆர்வம் வந்துவிட்டதா? இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' 1986-ல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்யப்பட்ட வாத்திய இசை. அதே 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தின் வாத்திய இசையில் அவர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதையும் கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் போஸ்ட்-ராக் என்று ஒரு வகை உண்டு. கிதார், டிரம்ஸ் என்று ராக் இசைக் கருவிகள்தாம். ஆனால் பெரும்பாலும் பாடகர் இருப்பதில்லை. இதில் மின்னணு நடன இசையைக் கலந்து துள்ளலாகக் கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரைச் சேர்ந்த 65டேஸ்ஆப்ஸ்டாடிக் குழுவினர். 2010-ல் வந்த அவர்களுடைய 'வீ வேர் எக்ஸ்புளோடிங் எனிவே' ஆல்பத்தை, சரண்ஜித் சிங்கைக் கேட்ட அதே ஹெட்போனில் கேளுங்கள். மெஷின் தாளத்தின் மேல் மனிதர்கள் வாசிக்கிறார்கள் என்ற ஒற்றுமை உடனே புலப்படும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எல்எம்எம்எஸ்-ஐ இன்ஸ்டால் செய்து மோகனத்தில் 16 கட்டம் எழுதிப் பாருங்கள். வீட்டில் ராகம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். மவுஸைப் பிடிக்க நீங்கள் போதும். எந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும் என்று சொல்ல அவர் வேண்டும். செய்து முடித்ததை பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்கவும் மறக்க வேண்டாம். டெல்லியில் ஒரு எல்பி மிஞ்சியிருந்ததால்தான் சரண்ஜித் சிங்கின் ராகங்களை நாம் இன்று கேட்கிறோம்.